தார்ப்பாய்க்குள் காத்திருந்த மாடி வண்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், ஒரு ஜெபம் சொல்லுவேன், பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. ஒரே மகளை ஆண்டவருக்குக் கொடுத்த தகப்பன் என்று எங்கள் பங்குக் கோயிலில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. திருவிழாவில் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அப்படிப்பட்டவன் ஒரு பழைய பிக்கப் வண்டியை விற்றுவிட்டு அழுதான் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? வண்டிக்காக அழவில்லை என்று விளக்க வேண்டும். விளக்கப் போனால் மனதில் உள்ளதையெல்லாம் சொல்ல வேண்டும். இந்தப் பயத்திலேயே நாள் போய்விட்டது.

எங்கள் வீடு பெங்களூர் போகிற ரோட்டில், மூக்கண்டப்பள்ளியில். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்தேன். எங்கள் பங்கிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் ஒரு கூட்டம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும். நடக்கிறவர்களுக்குப் பின்னால் அரிசி மூட்டை, பாத்திரம், துணிப்பை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போக வேண்டும். செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் வாங்கி அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் வருடம் என் மனைவியும் நடந்தாள். வீடு திரும்பியதும் கால் வலி என்று சொல்லுவாள் என்று எண்ணெயைச் சூடுபண்ணி வைத்தேன். அவள் வேறு ஒன்று சொன்னாள்.

"உங்களுக்கென்னங்க, ஆம்பளைங்க எந்த பெட்ரோல் பங்க்குலயும் துண்டக் கட்டிட்டுக் குளிச்சிருவீங்க. நாங்க நனைஞ்ச பொடவைய மாத்தணும்னா நாலு பேரு சேலையப் புடிச்சிட்டுச் சுத்தி நிக்கணும். லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டுப் போறான். மாதா பாத்துட்டுத்தான் இருக்கா."

"மாதா பாக்குறா, சரி. நான் என்ன பண்றது?"

"பிட்டருதான நீங்க? எதாச்சும் பிட் பண்ணுங்க."

பண்ணினேன். வண்டியின் பின்பக்கத்தில் பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்தேன். அதற்கு மேல்மூடி தனியாக. கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்குமே, அந்தக் கேஸ் ராடு நான்கை பழைய கார் சாமான் கடையில் வாங்கி நான்கு மூலையிலும் வைத்தேன். கொக்கியைத் தட்டினால் மூடி புஸ்ஸென்று மேலே எழும்பும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் சுற்றிலும் கேன்வாஸ் துணி, அதில் கொசுவலை வைத்த ஜன்னல், ஜிப். ஓடும்போது சாதாரண லோடு வண்டிதான். நிறுத்தித் தூக்கிவிட்டால் ஒரு பெண் உள்ளே நிமிர்ந்து நின்று புடவை கட்டலாம். பலகையைக் குறுக்கே போட்டால் மேலும் கீழுமாக ஐந்தாறு பேர் படுக்கலாம். நடக்கிற பெண்கள் அதற்கு மாடி வண்டி என்று பெயர் வைத்தார்கள்.

என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. மேல் பலகையில் ஜன்னல் ஓரம் அவளுடைய இடம். வேறு யாரும் அங்கே படுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், காலடியில் போய் உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். அவர்களே இறங்கிவிடுவார்கள். சாயந்திரம் ரோட்டோரம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும்போது அவள் மேலே இருந்து, வலைக்குள்ளிருந்து சொல்லுவாள். கீழே நாங்கள் பதில் சொல்லுவோம். காலையில் மூடியை இறக்குவதும் அவள் வேலை. ராடு கொஞ்சம் வலுவாகப் போட்டுவிட்டேன், கையால் இழுத்தால் இறங்காது. உள்ளே தொங்குகிற பட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கித் தொங்குவாள். காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தொங்குவாள். "கல்யாணம் ஆனா மாப்பிள்ளை தலைல தொங்கு, வண்டிய வுடு" என்று பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

கல்யாணம் பேசத் தொடங்கிய சமயத்தில்தான் அவள் மடத்துக்குப் போகிறேன் என்றாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நடத்துகிற மடம் இல்லை. அதுவாக இருந்தால் லீவுக்கு வருவார்கள். இவள் கேட்டது உள்ளேயே இருந்து ஜெபம் மட்டும் செய்கிற மடம். பெங்களூரைத் தாண்டிப் போக வேண்டும். உள்ளே போனவர்கள் வீட்டுக்கு வருவதில்லை. வருடத்தில் சில தடவை நாம் போய்ப் பார்க்கலாம், நடுவில் கம்பித் தடுப்பு இருக்கும்.

நான் "சரிம்மா" என்றேன். முழங்காலில் நின்று நன்றியும் சொன்னேன். அது பொய் இல்லை.

ஆனால் அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று பங்குச் சாமியார் ஆறுதலாக ஒன்று சொன்னார். சாகும்வரை மடத்திலேயே இருப்பேன் என்று இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கிறவரை எந்தப் பெண்ணும் திரும்பி வரலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிற வார்த்தைதான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஆகஸ்டில் வண்டிக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி நான் யாத்திரைக்குப் போகவில்லை. அடுத்த வருடம் கண் சரியில்லை என்றேன். கண் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் காரணம் அது இல்லை. அவள் இடத்தில் வேறு யாரோ படுத்து அது அவளுடைய இடம் இல்லாமல் போய்விட்டால், வருகிறவள் வராமல் இருந்துவிடுவாள் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். வீட்டு வாசலில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி மூடுவேன்.

என் மனைவிக்குப் புரியாமல் இல்லை. ஒரு நாள் சொன்னாள்: "நீங்க அவள மடத்துக்கு அனுப்பல. டூட்டிக்கு அனுப்பி வெச்சிருக்கீங்க. ஷிப்ட் முடிஞ்சா வந்துருவான்னு கேட்ல வண்டிய நிறுத்திட்டு நிக்கறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் என்னிடம் ஒரு ஆதாரம் இருந்தது. பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் மகள் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து மறக்காமல் கேட்பாள்: "வண்டி நல்லா இருக்காப்பா?" உறவுக்காரர்களைக் கேட்க மாட்டாள், அவளுடைய பழைய கம்பெனியைக் கேட்க மாட்டாள், வண்டியைக் கேட்பாள். "ஜம்முனு இருக்கும்மா" என்பேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வியையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வருவேன். வர நினைக்காதவள் எதற்கு வண்டியைக் கேட்கிறாள்?

அதுவரை நாங்கள் ஆகஸ்டில் மடத்துக்குப் போனதில்லை. ஐந்தாம் வருடம் அந்த மாதக் கடைசியில் போகும்படி ஆனது. கம்பிக்குப் பின்னால் திரை விலகியதும் எங்களைப் பார்த்து அவள் முகத்தில் சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு பதற்றம் வந்தது.

"அப்பா! நீங்க எப்படி இங்க?"

"உன்னப் பாக்கத்தாம்மா வந்தோம்."

"இல்லப்பா, இந்நேரம் வண்டி சேலம் தாண்டியிருக்கணுமே. யாரு ஓட்டிட்டுப் போயிருக்காங்க?"

என் மனைவிதான் சொன்னாள். "வண்டி வீட்லதான் பாப்பா நிக்குது. நீ உள்ள வந்த நாள்லேர்ந்து நிக்குது."

மகள் மெதுவாகச் சொன்னாள். "இந்த மாசம் பொறந்தா என் மொத ஜெபமே மாடி வண்டிக்குத்தாம்பா. ஒரு நாளு, இன்னிக்கு தொப்பூர் கணவாய் எறங்கும், பிரேக் நல்லா புடிக்கணும் மாதாவேன்னு. இன்னொரு நாளு, இன்னிக்கு அந்தப் பொம்பளைங்களுக்கு மழை இல்லாம இருக்கணும்னு. வருசா வருசம் வேளாங்கண்ணி வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்துட்டுதான் விடுவேன்."

"பிரேக்குக்கு என்னடி, போட்டது போட்டபடியே இருக்குது" என்றாள் என் மனைவி.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியிலேயே அடங்கியும் போனது. கம்பிக்கு அருகில் வந்து என்னைப் பார்த்தாள்.

"எனக்காகவாப்பா நிக்குது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்பா, நான் வர்லப்பா" என்றாள். சின்ன வயதில் யாத்திரைக் களைப்பில் தூங்கிவிட்டவர்களை எழுப்புவாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

திரும்பும்போது மாநில எல்லையில், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது என் மனைவி சொன்னாள்: "யாருக்காச்சும் குடுத்துருங்க. ஓடட்டும்."

முதலில் எங்கள் யாத்திரைக் கூட்டத்தாரிடம்தான் போனேன். சும்மாவே தருகிறேன் என்றேன். அவர்கள் இப்போது ராத்திரி தங்க மண்டபம் முன்கூட்டியே பேசிவிடுகிறார்களாம், சாமான் ஏற்ற மினி பஸ்ஸும் வைத்திருக்கிறார்கள். "நீங்க அப்போ செஞ்சது பெரிய உதவிண்ணா" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். என் வண்டி இல்லாமலே எல்லாரும் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அது நல்ல செய்திதான். எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

போட்டோ எடுத்து விற்பனைக்கு என்று போனில் போட்டோம். ஒரு புரோக்கர் வந்து மூடியைத் தட்டிப் பார்த்து, "இத அறுத்துப் போட்டாத்தான் லோடு ஏத்த முடியும், என்னாத்துக்குங்க இந்தப் பொட்டி?" என்றார். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் இதில் பிரிட்ஜ் வைக்க முடியுமா என்று கேட்டார். இருவரையும் நான் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். "விக்கப் போறீங்களா, வெரட்டப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

பிறகுதான் கெலவரப்பள்ளி அணைப் பக்கமிருந்து ஒரு ரோஜாத் தோட்டக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்த அம்மா பின்னால் ஏறி, ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். வெளியே வரவே இல்லை. கடைசியில் இறங்கி வந்து கணவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். என் மனைவிக்குக் கன்னடம் புரியும், அவள் சிரித்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றேன்.

"பொடவைய அவுத்துக் கட்டிப் பாத்தாங்களாம். தல இடிக்கலையாம்."

தோட்டக்காரர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "எங்க ஊருப் பொம்பளைங்க சிவராத்திரிக்கு மாதப்பன் மலைக்கு நடந்து போறாங்கண்ணா. மாதேஸ்வரன் மலைன்னு சொல்வாங்களே, அதுதான். வழியில அவுங்களுக்கு ரொம்ப கஷ்டம். இந்த வண்டிக்கு ஏதோ பேரு சொன்னீங்களே?"

"மாடி வண்டி."

"எங்க பாஷைல 'மாடி'ன்னா 'செய்ங்க'ன்னு அர்த்தம்ணா. செய்யுற வண்டி. நல்லாத்தான் வெச்சிருக்கீங்க."

விலை பேசி முடிந்தது. வண்டியின் முன்பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன மாதா சுரூபம் ஒட்டியிருந்தது. அவர்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள், சங்கடமாக இருக்கும் என்று நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்ணா கழட்டறீங்க? இருக்கட்டும். உங்களுது மாதா, எங்களுது மாதப்பா. உங்க மாதா பக்கத்துல ஒரு அப்பா உக்காந்தா எங்க சாமி ஆயிடுது."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூடியை எப்படி இறக்குவது என்று காட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மா பட்டையைப் பிடித்துத் தொங்கினார், இறங்கவில்லை. என் மனைவியும் ஏறிச் சேர்ந்து தொங்கினாள். இரண்டு பேரும் இரண்டு பாஷையில் கத்திச் சிரிக்க, மூடி இறங்கியது. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வீட்டுக்குள் போய்விட்டேன். அழுதது அப்போதுதான். வெளியே வந்தபோது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். "வர்றோம்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டின் முன் ஜன்னலில் ஐந்து வருடமாக விழாத வெயில் விழுந்தது. என் மனைவி மறுநாளே வண்டி நின்ற இடத்தில் வடகம் காயப் போட்டாள்.

சிவராத்திரி முடிந்து தோட்டக்காரர் போனில் ஒரு படம் அனுப்பினார். மூடி தூக்கியபடி வண்டி நிற்கிறது, ஒரு பெண் ஜன்னல் வலைக்குள் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். உடனே மகளிடம் சொல்ல மனம் துடித்தது. ஆனால் தவக்காலம் தொடங்கிவிட்டது, அந்த நாட்களில் மடத்தில் யாரையும் பார்க்க விட மாட்டார்கள். ஈஸ்டர் முடிகிறவரை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "எந்த வழியாப்பா போனாங்க?"

"அஞ்செட்டி பக்கமாத்தான் இருக்கும்."

"காட்டு வழியாச்சே. யான வருமே. சரியாக் கேட்டுட்டு வந்து சொல்லுங்கப்பா. அடுத்த வருசம் எந்தெந்த ஊருன்னு வரிசையாத் தெரிஞ்சாதான நான் கூடப் போக முடியும்?"

மணி அடித்தது, எழுந்து போனாள். அதற்குப் பிறகு வந்த வருடத்தில் இறுதி வார்த்தைப்பாடும் கொடுத்துவிட்டாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வதானால் ஒரே ஒரு வேண்டுகோள். நான் சொன்னபடியே சொல்லுங்கள். ஜெபக் கூட்டங்களில் சாட்சி சொல்லும்போது கடைசியில் எல்லாம் நன்றாக முடிந்துவிடும், இதற்கும் அப்படி ஒரு முடிவைச் சேர்த்துவிடாதீர்கள். நான் கேட்டது எனக்குக் கிடைக்கவில்லை. என் மகள் வீட்டுக்கு வரவில்லை, வரப்போவதும் இல்லை. எனக்கு அவள் இன்னும் வேண்டும். ஆண்டவரிடம் எனக்குக் கோபமும் இல்லை. இதில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லாதீர்கள்.