அய்யன் மை பூசிய சக்கரம்

மருமகளின் ஸ்கூட்டரை என் மகன் வாசலில் பிரித்துப் போட்டிருந்தான். வாங்கின கடையில் சர்வீஸுக்கு விட்டால் ஆயிலுக்குத் தனி, கூலிக்குத் தனி, தண்ணீர் அடித்துத் துடைத்ததற்குக்கூடத் தனி என்று ரசீது நீட்டுகிறார்களாம். போனில் ஒருவன் எல்லாம் செய்துகாட்டுகிறான், அதைப் பார்த்து நாமே செய்துகொள்ளலாம் என்றான். ஆயிலை மாற்றினான், சும்மா இருந்தேன். பில்டரைத் தட்டித் துடைத்தான், அதற்கும் சும்மா இருந்தேன். பின் சக்கரத்து நட்டில் ஸ்பேனரை வைத்தான் பாருங்கள், “சக்கரத்தைத் தொடாதே!” என்று கத்திவிட்டேன். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். எழுபதைத் தாண்டியவள் காரணமில்லாமல் கத்தினால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். காரணம் இருக்கிறது. எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வரும்.

எங்கள் பக்கம் அப்பாவை அய்யன் என்போம். எங்கள் ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் எங்கள் அய்யன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். கோயம்புத்தூர் போய் வண்டியை வாங்கி, அங்கிருந்தே ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியின் பெட்ரோல் டேங்க் என் இடம். துண்டை மடித்துப் போட்டு, தம்முடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் என்னை உட்காரவைப்பார். பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் போவேன். மற்றப் பிள்ளைகள் புழுதியில் ஒதுங்கி நின்று பார்க்கும். நான் ஒருத்தரையும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

வண்டி வாங்கிச் சில மாதம் போனதும், கோயம்புத்தூர்க் கடைக்குக் கொண்டுபோய்ச் சர்வீஸ் செய்யவேண்டும் என்ற பேச்சு வந்தது. அய்யனுக்கு அது பிடிக்கவில்லை.

“நட்டைக் கழட்டி அதே நட்டை மாட்டறதுக்கு ஒரு மூட்டை கடலைக்காய்க் காசு கேக்கறானுக” என்றார்.

“ஏனுங்க, அவிய அதையே தொழிலாப் பண்றவிய. பாத்துப் பண்ணுவாங்கல்லங்க” என்றாள் அம்மா.

“கெணத்து இஞ்சினை ஆரு புள்ள பாக்கறா? அது ஓடறதில்லையா?”

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை அய்யன் தாமே பிரித்துத் தாமே மாட்டுவார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து வண்டியைப் பிரித்தார். ஆயிலை மாற்றினார், செயினை இறுக்கினார். அதெல்லாம் நன்றாகத்தான் செய்தார். கடைசியில் இரண்டு சக்கரத்தையும் கழற்றினார். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, காய்ந்து கிடந்தது. “பாத்தியா கண்ணு, கடைக்காரன் லச்சணத்தை? புது வண்டிக்கு மை கூடப் போடாம வித்திருக்கறான்” என்று என்னிடம் காட்டிச் சிரித்தார். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மை, மாட்டு வண்டி அச்சுக்குப் போடுவது, எங்கள் மாட்டு வண்டியில் எப்போதும் மூங்கில் குழாயில் தொங்கும். அதை எடுத்துவந்து, இரண்டு சக்கரத்து நடுக்குடத்துக்குள்ளும் கஞ்சத்தனம் இல்லாமல் அப்பினார். தோட்டத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சமதளம், மெதுவாக ஓட்டினார், நிறுத்தினால் நின்றது. அம்மாவைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த வாரமே தம்பிக்குக் காதுகுத்து. அம்மா பிறந்த ஊரில், மாமன் மடியில் உட்காரவைத்து நல்ல நேரத்துக்குள் குத்த வேண்டும். நான் டேங்கில், அய்யன் நடுவில், பின்னால் அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து தம்பியை மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

மேட்டுக் காட்டைத் தாண்டினால் சந்தைப்பேட்டை வரைக்கும் ஒரே இறக்கம். அன்று சந்தை நாள். மேட்டிலிருந்தே தெரிந்தது, கீழே ரோட்டை அடைத்துக்கொண்டு மாட்டு வண்டிகள், தலையில் கூடையோடு பெண்கள்.

இறக்கம் தொடங்கிய இடத்தில் எதிரே வந்த பெரியவர் ஒருவர், “ஏனுங்க மாப்ளே, குடும்பத்தோட எங்கீங்க சவாரி?” என்று கை தூக்கினார். அய்யன் பதில் சொல்லவில்லை. எதிரே வருகிறவர் கேட்டுப் பதில் சொல்லாமல் போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பகையாளி கேட்டாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான்.

அப்புறம் ஒரு வாசம் வந்தது. விளக்கெண்ணெய் காய்கிற வாசம். குனிந்து பார்த்தேன். அய்யனின் கால் பிரேக்கை மிதித்து மிதித்து எடுத்தது. கையும் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. வண்டி அடங்கவில்லை. கியரைக் குறைத்தார். இன்ஜின் ஊளையிட்டது, வேகம் துளி குறைந்தது, இறக்கம் மறுபடி இழுத்துக்கொண்டது.

“மெதுவாப் போங்க, பையன் முழிச்சுக்குவான்” என்றாள் அம்மா.

“மெதுவாத்தான் போறேன்” என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இரண்டு காலையும் கீழே விட்டுத் தேய்த்தார். ஒரு செருப்பு கழன்று பறந்தது. வண்டிகளின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசி வண்டியில் ஒரு கிழவர் எங்களைப் பார்த்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். “கண்ணு, டேங்கை உடாதே, கண்ணை மூடிக்கோ” என்று அய்யன் காதுக்குள் சொன்னார். நான் மூடவில்லை. “நிறுத்துங்கய்யா, நிறுத்துங்கய்யா” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

இடது பக்கம் கிளுவை வேலி. அதில் ஏர் நுழைவதற்காக விட்டிருந்த ஒரு சந்து. அதற்கு அந்தப்புறம், மழைக்குப் பின் புதிதாக உழுத காடு. அய்யன் அந்தச் சந்துக்குள் வண்டியைத் திருப்பினார். முள் என் முழங்கையைக் கீறியது. முன் சக்கரம் இளகிய மண்ணில் புதைந்தது, பின் சக்கரம் புதைந்தது, எருமை படுக்கிற மாதிரி வண்டி மெல்லச் சாய்ந்து படுத்தது. அம்மா மண்ணில் உட்கார்ந்தபடி இருந்தாள், தம்பி அவள் மடியிலேயே இருந்தான். அய்யனின் கெண்டைக்காலில் மட்டும் சைலன்சர் சுட்டுவிட்டது.

தூரத்தில் உழுதுகொண்டிருந்தவர் ஏரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். “ஏனுங்க, மறு உழவு இன்னும் பாக்கி இருக்குதுங்க. அதையும் ஓட்டிக் குடுத்துட்டே போயிருங்க!” என்று சிரித்தார். கிட்டே வந்து எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் குடத்தை எடுத்துவரப் போனார்.

“ரோட்டுல ஆடு குறுக்க வந்துருச்சுங்க” என்றார் அய்யன் அவரிடம்.

“ஆடு எங்கீங்கய்யா வந்துச்சு?” என்றேன் நான், அழுகையோடு.

அம்மா எழுந்து சேலையை உதறினாள். “நாங்க நடந்து போறோம். நேரம் போனாப் போவுது” என்றாள். அய்யன் ஒற்றைச் செருப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். காதுகுத்து வீட்டில் மாமனிடமும் அதே ஆட்டைத்தான் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அது ஒரு பட்டி ஆடாகப் பெருகிவிட்டது.

மோட்டார் சக்கரத்துக் குடத்துக்குள்தான் பிரேக் இருக்கிறது, அது உரசினால்தான் வண்டி நிற்கும் என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. மாட்டு வண்டிக்கு உரசக் கூடாது, மை போடுகிறோம். அய்யன் அதே நினைப்பில் இதற்கும் போட்டுவிட்டார். தேங்காய் லாரியில் ஏற்றி வண்டியைக் கோயம்புத்தூர்க் கடைக்கு அனுப்பினார். கேட்ட காசை அப்படியே கொடுத்தார். அதற்கப்புறம் ஆயிலும் செயினும் வேப்பமரத்தடியில், சக்கரம் மட்டும் கடையில்.

வண்டி திரும்பி வந்த மறுநாள் துண்டை மடித்துக்கொண்டு ஓடினேன். “நீ நடந்து போ கண்ணு” என்றார். நாளைக்கு ஏற்றுவார் என்று நினைத்தேன். நாளைக்கும் ஏற்றவில்லை. அவர் மட்டும் வண்டியில் போவார், எங்களை மாட்டு வண்டியில் அனுப்புவார். வழியெல்லாம் கத்தி அழுது அய்யன் மானத்தை வாங்கினேன், ஆடு எங்கே என்று வேறு கேட்டேன், அந்தக் கோபம்தான் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். அழாத பிள்ளை என்று காட்டினால் மறுபடி ஏற்றுவார். அன்றிலிருந்து அழுவதை விட்டேன். விழுந்தாலும் அழவில்லை, வாத்தியார் அடித்தாலும் அழவில்லை.

ஒருநாள் கடலைக்காய்க் குவியலில் கையை விட்டபோது தேள் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அய்யனிடம் நடந்து போனேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தேளு கொட்டிப்போடுச்சுங்கய்யா. நான் அழுவுல, பாருங்க” என்று கையை நீட்டினேன். “இனிமே டேங்குல உக்காந்தாலும் கத்தமாட்டேனுங்க.”

கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கினார். வைத்தியர் வீடு இரண்டு ஊர் தாண்டி. வெயிலில், வெறுங்காலில், என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரமும் ஓடினார். பெட்ரோல் நிரப்பித் துடைத்து வைத்த வண்டி வாசலில் அப்படியே நின்றது. தோள் மேலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே போனேன். தேள் கொட்டிய வலியையே பொறுத்துக் காட்டியும் அய்யனுக்கு என் மேலுள்ள கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.