டீ பிளாஸ்க்கில் வந்த உயிர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம், பரமக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. மிளகாயில் கடைசிப் பறிப்பு முடிந்ததும் காட்டை ஆடுகளுக்குத் திறந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆட்டுக்கு மேய்ச்சல், காட்டுக்குப் புழுக்கை. பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் இருந்ததே நாலு ஆடு. விடலாமா என்று கேட்டாள், "தாராளமா விடு" என்றேன். அந்த வாரம்தான், கடைசிப் பறிப்புக்கு முன்னால், காய் அழுகலுக்கு மருந்து அடித்திருந்தேன்; அதை அவளிடம் சொல்லவில்லை. ஆடு எதைத் தின்றாலும் செரித்துவிடும் என்ற மிதப்பு எனக்கு.

மூன்றாம் நாள் காலை அவளுடைய சினையாடு படுத்துவிட்டது. தழையைத் திரும்பிப் பார்க்கவில்லை, அசைபோடவும் இல்லை. கால்நடை மருத்துவர் அம்மா வந்து, என்ன மேய்ந்தது என்று கேட்டார்.

"அண்ணன் காட்டுலதான் மேஞ்சுச்சு. மருந்து அடிச்சிருந்தா அண்ணன் சொல்லியிருப்பாக" என்றாள் தங்கச்சி.

பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நைசாக நழுவிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, வெட்கமாக இருக்கிறது சொல்ல. "அடிச்சேன் டாக்டரம்மா. நாந்தான் சொல்லல" என்றேன். தங்கச்சி ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மருத்துவர் மருந்து டப்பாவை வாங்கிப் படித்துவிட்டு ஊசி போட்டார். ஆட்டின் இரைப்பையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் தழையைச் செரிக்கவைக்குமாம். நான் அடித்த மருந்தில் அவை செத்துப்போயிருந்தன. நல்ல ஆட்டின் இரைப்பைச் சாற்றைச் சூடு ஆறாமல் கொண்டுவந்து ஊற்றினால் மறுபடி பெருகும் என்றார்.

என் டீ பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பைக்கில் பரமக்குடி கறிக்கடைக்குப் பறந்தேன். கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும், அப்போதுதான் அறுத்த ஆட்டின் இரைப்பையில் இருந்ததைத் துணியில் பிழிந்து பிளாஸ்க்கை நிரப்பினார். "பொழச்சா வந்து சொல்லிட்டுப் போங்க" என்றார். சூடு ஆறுவதற்குள் ஊர் வந்து சேர்ந்தேன். மருத்துவர் குழாய் வைத்து அந்தச் சாற்றை ஆட்டின் வயிற்றுக்குள் இறக்கினார்.

மறுநாளும் அதே ஓட்டம். அதற்கடுத்த நாள் காலை, "அண்ணே, அசை போடுதுண்ணே" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஆட்டின் தாடை சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஆடு பிறகு இரண்டு குட்டி போட்டது. பாயிடம் முதல் ஆளாகப் போய்ச் சொன்னேன்.

அந்த பிளாஸ்க்கில் எங்கள் வீட்டில் யாரும் டீ குடிப்பதில்லை. மருந்து அடிக்கும் நாளில் முதலில் அவள் வாசலில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் காட்டுக்குப் போகிறேன். "அண்ணன் சொல்லியிருப்பாக" என்று அன்று அவள் சொன்னது பொய்யாகிப் போனது. இன்று அது நிஜம் என்பதுதான் எனக்குப் பெருமை.