ஈரச் சரிவில் நின்ற சாந்தாமணி அம்மா

லிஃப்டில் ஏற்றிய வண்டிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தபோது டிரைவர் ஞானதுரையின் போன் வந்தது. "சார், அம்மா போயிட்டாங்க சார்." எந்த அம்மா, எங்கே போனார் என்று எரிச்சலோடு கேட்டேன். மறுமுனையில் அழுகை. நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டதாம். ஸ்பேனரைக் கீழே வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அன்று ஒரு நட்டைக்கூட உருப்படியாக முறுக்கவில்லை.

மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்திய சாந்தாமணி அம்மாவை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு அவரை அவருடைய வண்டி வழியாகத்தான் தெரியும். கோவையில் சொகுசு வண்டிகளுக்கான சர்வீஸ் சென்டரில் கோளாறு கண்டுபிடிப்பது என் வேலை. அவருடையது நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய எஸ்.யூ.வி. சேற்றிலும் மணலிலும் ஏறக்கூடிய அந்த வண்டி, அவர் கம்பெனி ஷெட்டிலிருந்து கேட்டுக்கு ஏறும் சிமெண்ட் சரிவில் காலையில் ஏறவில்லை என்பதுதான் புகார். சக்கரம் வெறுமனே சுற்றுகிறது, வண்டி பின்னால் வழுக்குகிறது.

சக்கர சென்சார்களைப் பார்த்தோம். டயர் தேய்மானம், காற்று, பிரேக் எல்லாம் பார்த்தோம். எங்கள் சரிவில் தண்ணீர் ஊற்றி ஏற்றிப் பார்த்தோம். ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். அதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் இடத்தில் குறை இல்லை.

சில நாட்களில் அம்மாவே எங்கள் சென்டருக்கு வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, வழுக்குதுங்கறேன், இல்லீங்கறீங்க. உங்க கம்ப்யூட்டரு என்னதான் சொல்லுது?"

சக்கரங்கள் வழுக்கியதும், அதைப் பிடிக்க வண்டி முயன்றதும் பதிவாகியிருந்தன. அதாவது கம்ப்யூட்டர் அம்மா கட்சி. அதைச் சொன்னேன். "ஆனா காரணம் இதுல இல்லைங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. ஓட்டுறதுல ஏதாச்சும் இருக்கலாம்."

அவர் முகம் மாறியது. "அந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க என்ற பையன் காத்திட்டு இருக்கறான்."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. முந்தின நாள் வண்டி பின்னால் வழுக்கியபோது, உள்ளே வந்துகொண்டிருந்த தையல்காரப் பெண் ஒருத்தி மதில் ஓரமாகக் குதித்துத் தப்பியிருக்கிறாள். வண்டியில் குறை இல்லையென்றால் டிரைவரிடம்தான் குறை, அவரை அனுப்பிவிட வேண்டும் என்று மகன் கதிர்வேல் ஒரே பிடியாக நின்றான். ஞானதுரை திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மனைவி அதே கம்பெனியில் செக்கிங் வேலை, குடியிருப்பதும் கம்பெனி லைன் வீட்டில். வேலை போனால் எல்லாம் சேர்ந்து போகும்.

நான் இன்னொரு சென்சார் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையமர்த்தினார். "அதெல்லாம் இருக்கட்டுமுங்க. வழுக்குற இடத்துல வந்து நில்லுங்க."

மறுநாள் விடிந்ததும் போய் நின்றேன். எனக்கு நிற்பது ஆகாது. கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்தபடி இருந்தேன். "சுடுதண்ணி மேல ஊத்துன மாதிரி எதுக்குங்க இந்த ஓட்டம்? டீயக் குடிங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் சுடுதண்ணி.

ஒரு பெண் சரிவு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். கீழே வண்டி தயாராக, டயர்கள்கூடக் கருகருவென்று மின்ன நின்றது. ஞானதுரை ஏற்றினார். பாதிச் சரிவில் நான்கு சக்கரமும் கோலத்தை அழித்துக்கொண்டு சுற்றின, வண்டி பின்னால் நழுவியது. ஓடிப்போய் டயரைத் தொட்டேன். தரையில் படுகிற பகுதியிலேயே விரல் வழுக்கியது. முகர்ந்தேன். நிட்டிங் மிஷின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய்.

"டயருக்கு யாரு எண்ணெய் போட்டது?" என்று கத்திவிட்டேன்.

"நாந்தான் சார்" என்றார் ஞானதுரை. "டெய்லி வேஸ்ட் துணியில தொட்டுத் துடைப்பேன். சும்மா பளபளன்னு இருக்கும்லா."

தண்ணீர் தெளித்த சிமெண்ட், எண்ணெய் பூசிய டயர். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றச் சக்கரங்கள் இழுக்கும். நான்கும் வழுக்கினால் எந்தத் தொழில்நுட்பம் காப்பாற்றும்? கோவை வந்து சேர்வதற்குள் ரோடே எண்ணெயைத் தேய்த்து எடுத்துவிடும். எங்களிடம் வருவது சுத்தமான டயர். இதையெல்லாம் மடமடவென்று சொல்லி முடித்தேன். பார்த்துக்கொண்டு நின்ற கதிர்வேல் ஒரே வரியில் கேட்டான்: "அப்ப இவருதானுங்களே காரணம்?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? ஞானதுரை சாவியை நீட்டியபடி நின்றார்.

அம்மா சாவியை வாங்கவில்லை. "டேய் கதிரு, போன மாசம் வெளிநாட்டுப் பார்ட்டி வந்தப்ப, டயரு நரைச்ச தலையாட்ட இருக்குதுன்னு இந்த மனுசன வைதது யாரு? நாந்தான? இருக்கற எண்ணெய எடுத்துப் போட்டிருக்கறாரு. அனுப்பறதுன்னா என்னைய முதல்ல அனுப்பு."

"அம்மா, நீங்க மொதலாளி."

"அதனாலதான் சொல்றேன்."

பிறகு சோப்புத் தண்ணீர் வந்தது. நானும் ஞானதுரையும் தேய்த்தோம், அம்மா ஹோஸ் பிடித்தார். "பல்லு வெளக்கறதாட்டத் தேயுங்க சுடுதண்ணி, ஓட்டறதுக்கு முந்தி டயரும் வாயக் கழுவோணும்" என்று சிரித்தார். கழுவி முடித்ததும் அதே ஈரச் சரிவில், அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஞானதுரை ஏற்றினார். ஒரு இழுப்பில் ஏறிவிட்டது.

துக்கத்துக்குப் போனேன். அம்மாவின் வீடும் கம்பெனி வளாகத்துக்குள்தான். உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை. கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்தேன். இந்த முறை கேலி செய்ய ஆளில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன பின் பெண்கள் வாசலிலிருந்து சரிவு வரை கழுவிவிட்டார்கள். மயானத்துக்கு வரமுடியாத வயதான உறவினர்களை ஊர் கொண்டுபோய் விட ஞானதுரை வண்டியை எடுத்தார். டயர்கள் சாம்பல் நிறத்தில், நரைத்த தலையாட்டமே இருந்தன. சரிவின் ஓரத்தில் போய் நின்றேன். வண்டி ஈரத்தில் ஏறியது. எந்தச் சக்கரமும் வழுக்கவில்லை.

கோளாறு கண்டுபிடிக்க இப்போது என்னிடம் புதிய கருவிகள் இருக்கின்றன. வண்டிக்காரர்கள் புகார் சொன்னால் கருவியைப் பிறகுதான் எடுக்கிறேன். "எங்கே வழுக்குது? அங்கே வர்றேன்" என்கிறேன். போய் நிற்கிறேன். கால் பரபரக்கிறது. இருந்தாலும் நிற்கிறேன். அம்மாவிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அந்த நிற்பு.