மாப்பிள்ளை ரூம் ஏசி

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம். "என்ன மேடம், சரக்கு தீர்ந்துபோச்சா?" என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். சரக்கு தீரவில்லை ஐயா... ஆள்தான் தீரப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி. ராஜபாளையத்தில் என் வீட்டு ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். சித்திரை வெயில். தலைக்கு மேலே கான்கிரீட் தளம். அது வாங்கி வைத்திருந்த சூட்டையெல்லாம் ஃபேன் பொறுப்பாக என் தலையில் இறக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன். நாற்காலிக் கால் இடித்துக் கன்னம் வீங்கியிருந்தது.

தூக்கிவிட யாரும் இல்லை. கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் சுகந்தி, மாப்பிள்ளையோடும் பிள்ளைகளோடும் புனேயில் இருக்கிறாள். சுவரைப் பிடித்து நானேதான் எழுந்தேன்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுத்தார். கடைசியில் ஜன்னலைக் காட்டினார். "எல்லாம் இந்த வெயில்தாம்மா. மத்தியானம் நாலு மணி நேரமாவது குளிர்ச்சியான இடத்துல இருங்க. அறுபத்திரண்டு வயசுல இன்னொரு தடவை விழுந்தா இடுப்பு எலும்பு போயிரும். சொல்லிட்டேன்."

குளிர்ச்சியான இடத்துக்கு எங்கே போவது? குற்றாலத்துக்கா? கடைக்குத்தான் போனேன்.

சுகந்தியிடம் போனில் சொன்னபோது அழுதுவிட்டாள். "ஒரு நல்ல கூலரா வாங்கும்மா. நான் பணம் அனுப்புதேன்" என்றாள். பணம் வேண்டாம், பென்ஷனுக்குள் முடிகிற மாதிரி ஏதாவது பார்க்கிறேன் என்றேன். பட்ஜெட்டுக்குள் குளிர வேண்டும்... அதுதான் திட்டம்.

கடையில் விற்பனைப் பிரதிநிதி கேட்ட முதல் கேள்வி: "வீட்ல எத்தனை பேரும்மா?"

"நான் ஒருத்திதான்."

அவர் முகத்தில் இருந்த ஏசி அப்படியே கூலராக இறங்கிவிட்டது. "ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா ஏசி? ஒரு சின்ன கூலர் போதுமே" என்றார். ஏன், ஒற்றை ஆளுக்கு வியர்க்காதா? நான்கு பேர் இருந்தால்தான் வெயில் வீட்டுக்குள் வருமா? கேட்டேன். நெளிந்தார். நெளிந்தபடியே எட்டு கூலர்களைக் காட்டினார்.

கூலர் கெட்ட பொருள் என்று நான் சொல்லமாட்டேன். காற்றோட்டமான வீட்டில், வறண்ட வெயிலில் ஜம்மென்று வேலை செய்யும். ஆனால் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். என் ஹாலுக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூலரை ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். பஞ்சாலையில், ஆள் வருகைக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீஸில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே நூல் அறுந்துவிடக் கூடாது என்று காற்றை ஈரப்படுத்தி அனுப்புவார்கள். ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு அந்த டிபார்ட்மென்டுக்குள் ஒரு நடை போய்வந்தால் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நூலுக்கு அது சுகம், ஆளுக்கு இல்லை. போதாததற்குக் கூலர் குடிக்கிற தண்ணீர் வேறு. குடம் குடமாகப் பிடித்துவைத்துப் புழங்குகிற தெருவில், மிஷினுக்கும் நான் ஏன் தண்ணீர் சுமக்க வேண்டும்?

கூலர் வேண்டாம் என்றதும் அவர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். "இதப் பாருங்கம்மா, லேட்டஸ்ட் மாடல் ஏசி. ஹாட் அண்ட் கோல்ட். வெயில் காலத்துல கூலிங், குளிர் காலத்துல ஹீட்டிங்."

ராஜபாளையத்தில் ஹீட்டிங். மத்தியானம் குழாயைத் திறந்தால் மொட்டைமாடி டேங்கிலிருந்து சுடுதண்ணீர் வருகிற ஊரில்.

"மார்கழி மாசத்துக்கு உதவும்மா" என்றார், சளைக்காமல்.

"மார்கழிக்கு என்கிட்ட போர்வை இருக்கு தம்பி. அதுக்கு கரண்ட் பில் வராது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கிய பிறகுதான் அந்தோணிக்குப் போன் போட்டேன். அந்தோணி எங்கள் பகுதியில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர். நாற்பது வயதுக்காரர். பழைய ஏசி வாங்கி மாட்டியும் கொடுப்பார். ஹாலுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஏசி போட முடியுமா, வந்து பாருங்கள் என்றேன். வந்தார். டேப் வைத்து ஹாலை அளந்தார். மாடிப்படி வழியாகக் குளிர் எல்லாம் மேலே போய்விடும், ரெண்டு டன் போட்டாலும் பத்தாது என்றார். அவுட்டோர் யூனிட் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போனார்.

இறங்கி வந்தவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"யக்கா, மேல ஏற்கெனவே ஒரு யூனிட்டு இருக்கே?"

"அது மாப்பிள்ளை ரூம் ஏசி" என்றேன்.

"மாப்பிள்ளை இங்கயா இருக்காக?"

"புனேல இருக்காரு."

"எப்ப வருவாக?"

"தீபாவளிக்கு நாலு நாள் வருவாரு. லீவு கெடச்சா மே மாசம் நாலு நாள்."

அந்தோணி டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "அந்த ரூமைச் செத்த காட்டுங்கக்கா" என்றார்.

காட்டினேன். பத்துக்குப் பத்து அறை. தேக்குக் கட்டில். மெத்தையின் பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் கழற்றவில்லை. ஏசிக்கு டெய்லரிடம் கொடுத்துத் தைத்த பூப்போட்ட துணிக் கவர், அடியில் ஃப்ரில் வைத்து. ரிமோட் பாலிதீன் பைக்குள் இருந்தது. பதினொரு வருடம் முன்பு, தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிறார் என்று என் கணவர் கடன் போட்டு மாட்டிய ஏசி அது. சம்பந்தி வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆனால் தலைதீபாவளிக்கு ஏசி இல்லாத வீடு என்று பேராகிவிடக் கூடாதே... நாங்களாகவே மாட்டினோம்.

தீபாவளி எப்போது வருகிறது? ஐப்பசியில். வெளியே அடைமழை கொட்டும். உள்ளே மரியாதைக்கு ஏசி ஓடும். மாப்பிள்ளை கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். சித்திரை வைகாசியில் மாப்பிள்ளை வராத நாளெல்லாம் அந்த ஏசி ஃப்ரில் வைத்த கவருக்குள் சொகுசாகத் தூங்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வெந்துகொண்டிருப்பேன்.

அந்தோணி கவரைக் கழற்றினார். "யக்கா, ஓடாம கெடந்தாலும் ஏசி கெட்டுப்போகும். மேல அணில் கூடு கட்டி வயரைக் கடிச்சு வச்சிருக்கு. சர்வீஸ் பண்ணி வயரை மாத்துனா போதும். கூலர் விலையில கால்வாசிகூட ஆகாது. சின்ன ரூமு. இருபத்தாறுல வச்சு, ஃபேனையும் மெதுவா ஓட விடுங்க. பில்லு கடிக்காது. நீங்க இங்க வந்து இருந்துக்கோங்க."

"மாப்பிள்ளை ரூம்ல நான் எப்படி...?" என்றேன். அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.

"வீட்டுப் பத்திரம் யாரு பேருலக்கா இருக்கு?"

"என் பேர்லதான்."

"அப்ப சரி" என்று சொல்லி ஸ்குரூ டிரைவரை எடுத்தார். ஒரு ஏசி விற்கிற லாபத்தை விட்டுவிட்டு இதைச் சொன்னார் மனிதர்.

எனக்கு வந்ததே கோபம்... அந்தோணி மேல் இல்லை, என் மேல். மூன்று நாளாகக் கடை கடையாக அலைந்திருக்கிறேன். வீட்டுக்குள் இருக்கிற ஏசி எனக்கு ஞாபகம் வரவில்லை. மகளுக்கும் வரவில்லை. ஞாபகம் இல்லாமல் இல்லை. அது எனக்கானது என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த அறைக்குள் வாரம் ஒருமுறை போவேன். பெருக்குவேன், துடைப்பேன், வந்துவிடுவேன். என் வீட்டில் நானே வேலைக்காரி மாதிரி. வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே மெத்தை உறையைக் கிழித்தேன். கழற்றவில்லை, கிழித்தேன். என் எழுத்து மேஜை, மாத்திரை டப்பா, துணிமணி எல்லாம் உள்ளே போயின. சாயங்காலம் சுகந்திக்குச் சொன்னேன்.

"அந்த ரூமாம்மா?" என்றாள். "அடுத்த வாரம் லீவுக்கு நாங்க வாரோமே... அவரு எங்க படுப்பாரு?"

"ஹால்ல."

"ஹால்லயா? மூணு மணிக்கு அந்த ஹால் எப்படிக் கொதிக்கும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியுமா?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. "சரிம்மா" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆனால் "பரவாயில்ல, நீங்க வந்தா நான் மாறிக்கிறேன்" என்று மட்டும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர். மாப்பிள்ளையின் அம்மா அங்கே மடவார் வளாகம் பகுதியில் இருக்கிறார். எங்களுக்குள் மதினி முறை. விழுந்த செய்தி கேட்டுச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு உச்சிவெயிலில் பஸ்ஸில் வந்திறங்கினார். நேராக அந்த அறைக்கே கூட்டிப்போனேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

சுற்றிப் பார்த்தார். என் மேஜையைப் பார்த்தார். கொடியில் கிடந்த என் சேலையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குன்னு வச்ச ரூமு... மாத்திட்டீகளா மதினி?"

"ஆமா மதினி. எனக்குன்னு வச்சுக்கிட்டேன்."

"இல்ல... நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"அன்னைக்கு நான் தரையில கெடந்தப்ப அந்த நாலு பேருல ஒருத்தரும் வரலையே மதினி."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். சண்டைக்குத் தயாராகத்தான் நான் நின்றிருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து, "எம்புட்டு சில்லுன்னு இருக்கு" என்றார், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. அப்புறம் காலை மேலே தூக்கி வைத்துச் சாய்ந்தார்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. சின்ன மக வந்தா படுக்குற ரூமுல. அவ மாப்பிள்ளை மழை நாளுல வருவாக, வெயில் நாளுல வரமாட்டாக. நான் அடுப்படியில இருந்து நேரா வாசலுக்குத்தான் போவேன், காத்து வாங்க" என்றார்.

பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போக வந்தவர். மூன்று மணி பஸ்ஸை விட்டார். நான்கு மணி பஸ்ஸையும் விட்டார். "இன்னும் செத்த நேரம் இருந்துட்டுப் போறேன் மதினி" என்று சொன்னவர், அப்படியே தூங்கியும் போனார். ஊருக்குப் போய் அந்த நாலு பேரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் போன் செய்து அந்தோணி நம்பர் மட்டும் கேட்டார்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டு ஏசி யாருடைய அறையில் இருக்கிறது? அந்த ஆள் வருடத்தில் எத்தனை நாள் அங்கே படுக்கிறார்? நம் ஊர்களில் வீட்டில் இல்லாதவர்களுக்குத்தான் நல்ல கட்டில், நல்ல தட்டு, நல்ல காற்று. இருக்கிறவர்கள் ஹாலில் கிடப்பார்கள். யாரும் அவர்களைக் கிடக்கச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. மலிவான கூலிங் சிஸ்டம் எது என்று எனக்குக் கடிதம் எழுதப்போகிறீர்களா? முதலில் உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பூட்டிக் கிடந்தால் திறங்கள். கவர் போட்டிருந்தால் கழற்றுங்கள். அதற்கு அப்புறம் கடைக்குப் போகலாம்.

போன வெள்ளிக்கிழமை சுகந்தி குடும்பத்தோடு வந்தாள். மாப்பிள்ளையின் பெட்டி வழக்கம்போல நேராக அந்த அறை வாசலுக்குப் போனது. சுகந்திதான் அதைத் திருப்பி ஹாலுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பிறகு சுகந்தியும் பிள்ளைகளும் என் கட்டிலில் வந்து விழுந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஹாலில் பாயை விரித்தார், அந்த ஃபேனுக்கு நேர் கீழே.

ஏழெட்டுத் தடவை எழுந்து போய் அவரைக் கூப்பிட வேண்டும் என்று கை கால் பரபரத்தது. பதினொரு வருடப் பழக்கம், விடுமா? மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணி இருக்கும். கதவு தட்டும் சத்தம். திறந்தேன். பனியன் தொப்பலாக நனைந்து மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"அத்தை, இந்த ஹால்லயா நீங்க இத்தன வருசமா இருந்தீங்க?" என்றார்.

தலையை ஆட்டினேன். அவர் தரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"கொஞ்ச நேரம் உள்ள வரலாமா அத்தை?"

பிறந்த வீட்டில் அண்ணன்மாரோடு ஓர் அறை, புகுந்த வீட்டில் மாமியாரோடு ஓர் அறை, அப்புறம் ஹால்... அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒருவர் என் அறைக்கதவைத் தட்டி என்னிடம் அனுமதி கேட்கிறார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றேன். "நாலு மணி வரைக்கும் இருங்க. பொறவு எனக்கு எழுதுற வேலை இருக்கு."