பிஸ்கட் டின்னின் காது

"போன வருஷம் திருவிழாவுல நீ மைக்குல என்ன சொன்னே?" என்று உஷாராணி கேட்டாள்.

ராகினி துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "பால்குடம் எடுக்குறவங்க எல்லாரும் ஆத்தங்கரைக்கு வாங்கன்னு சொன்னேன்க்கா."

"எத்தன பேர் வந்தாங்க?"

"ஒருத்தரும் வரல. உறுமி சத்தத்துல யாருக்கும் கேக்கல. அப்புறம் தலைவர் மாமா மைக்க வாங்கிக் கத்துனாரு. அதுக்கப்புறந்தான் வந்தாங்க."

"இந்த வருஷம்?"

"அவரே பேசட்டும். 'பிள்ள நல்லாத்தான் பேசுது, ஆனா கொசு பேசுற மாதிரி இருக்கு'ன்னு கூட்டத்துலயே சொல்லிட்டாரு."

உஷாராணி சிரித்துவிட்டாள். "நீ கொஞ்சம் கத்தித்தான் பாரேன்லா."

"எனக்குக் கத்த வராதுக்கா."

"அப்ப விடு. ஸ்பீக்கரக் கத்த வைப்போம். நீ ஏன் கத்தணும்?"

மலேசியாவில், ரெம்பியாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு நடந்த பேச்சு இது. உஷாராணி அப்படிச் சொன்னால் சும்மா சொல்ல மாட்டாள் என்று ராகினிக்குத் தெரியும்.

தோட்டத்தின் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள் இருவரும். உஷாராணியின் அம்மா ராமாத்தாள் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தே மகளை ஆளாக்கியவள். அலோர் காஜாவில் தொழிற்கல்வி படிக்கப் போனபோது, மின்னணு வகுப்பில் உஷாராணி ஒருத்திதான் பெண். பையன்கள் கேலி செய்தார்கள். தேர்வு முடிவு வந்த பிறகு அவளிடமே சந்தேகம் கேட்க வந்தார்கள். பத்து பெரண்டாமில் கார் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில், தோட்டத்தார் சொல்லும் கிலாங்கில், ஈயம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தவள், இப்போது சோதனை அறையில் டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து ரேடியோக்களைக் கேட்பாள். "எம்மக ரேடியோவுக்கு வைத்தியம் பாக்குறா" என்று ராமாத்தாள் பசாரில் மீன் வாங்கும்போதுகூடச் சொல்வாள்.

கிலாங்கில் புதிதாக ஒரு ரேடியோ வந்திருந்தது. கார் வேகமெடுத்து இரைச்சல் கூடினால் அதுவே சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். சிக்னலில் கார் நின்றால் குறைத்துக்கொள்ளும். யாரும் திருக வேண்டாம். அதே வேலையைக் கோயில் ஒலிபெருக்கிக்கும் செய்து பார்த்தால் என்ன என்று உஷாராணி யோசித்தாள். பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கினாள். டின்னிலிருந்து நீண்ட வயர், அதன் நுனியில் கட்டைவிரல் அளவு மைக். "இதான் டின்னோட காது. சுத்தி எவ்வளவு சத்தம்னு இது கேக்கும். அதுக்கேத்த மாதிரி உன் குரல டின்னு தூக்கிவிடும்" என்றாள்.

கோயில் தலைவர் தம்புசாமி டின்னைத் தட்டிப் பார்த்தார். "சரிம்மா. இந்த ஒரு வாட்டிதான். இதுலயும் கேக்கலன்னா மைக்கு எங்கிட்ட. அப்புறம் யாரும் வருத்தப்படக் கூடாது."

ராகினி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தமிழிலும் மலாயிலும் தடுமாறாமல் பேசுவாள். ஆனால் நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கிடைத்த ஒரே இடம் அந்த மைக்தான். அதை விட்டுவிட அவளுக்கு உண்மையில் மனமே இல்லை.

திருவிழா அன்று காலை, டின்னின் காதை உஷாராணி கொடிமரத்தில் கட்டினாள். உறுமிக்காரர்கள் நிற்கும் இடம் அது. அதிகமான சத்தம் அங்கேதான், அதனால் காதும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

உறுமி தொடங்கியது. ராகினி மைக்கை எடுத்து, "பக்தர்களே" என்றாள். அவள் குரல் மேளத்துக்கு மேலே எழுந்து நின்றது. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

உறுமிக் குழுவின் மூத்தவர் தங்கராஜு திரும்பி ஸ்பீக்கரை முறைத்தார். அவருடைய மேளத்துக்கு மேலே எதுவும் எழுந்ததாக அந்த வட்டாரத்தில் பேச்சே கிடையாது. "என்னலா, மிஷினு நம்மகூட மோதுதா? அடிங்கடா!" என்றார். குழு இரண்டு மடங்காக அடித்தது. காது அதைக் கேட்டது. டின் ராகினியின் குரலை இன்னும் தூக்கியது. தங்கராஜு சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். மேளம் ஏற, குரலும் ஏற, கடைசியில் ஸ்பீக்கர் 'கீ' என்று அலறியது. கோழிகள் சிதறின. காவடிக்காரர் ஒருவர் காவடியை இறக்கிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"வயரப் புடுங்கும்மா!" என்று தம்புசாமி ஓடிவந்தார்.

ராகினி மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். உஷாராணியோ நேராகத் தங்கராஜுவிடம் போனாள்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்கண்ணே."

"மொதல்ல உன் டின்ன நிறுத்தச் சொல்லு. அது நிறுத்துனா நான் நிறுத்துறேன்."

உஷாராணி அவரையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எந்தத் தப்பும் உங்க மேல இல்லண்ணே. காத நான் தப்பான எடத்துல வெச்சிட்டேன். அடிக்கிறவங்க பக்கத்துல வெச்சா சண்டதான் வரும். கேக்குறவங்க பக்கத்துலல்ல வெச்சிருக்கணும்?"

காதை அவிழ்த்துக்கொண்டு சமையல் கொட்டகைக்கு நடந்தாள். பால்குடப் பெண்கள் அங்கேதான் பூ வைத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்பீக்கர் சத்தம் நேராக விழாதபடி, காதை அவற்றுக்கு முதுகு காட்டும்படி கொட்டகைத் தூணில் கட்டினாள். டின்னுக்குள் ஒரு திருகாணியை முடுக்கி, இதற்கு மேல் ஏறாதே என்று எல்லை வைத்தாள். தம்புசாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பேசு" என்றாள் ராகினியிடம்.

"மறுபடியும் அலறுனா?"

"அலறுனா என்னத் திட்டுவாங்க. நீ பேசு."

உறுமி மறுபடியும் முழங்கியது. ராகினி கண்ணை மூடிக்கொண்டு, வகுப்பில் பேசுவது போலவே பேசினாள். "பால்குடம் ஏந்துவோர் ஆற்றங்கரைக்குப் புறப்படுங்கள்." பிறகு அதே குரலில் மலாயில், சாலையை மறித்து நின்ற வெள்ளைக் காரை எடுக்கச் சொன்னாள்.

கொட்டகையில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் குடத்தை எடுத்துத் தலையில் வைத்தார்கள். சாலையில் நின்ற போலீஸ்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வெள்ளைக் கார் நகர்ந்தது. அன்னதான அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த ராமாத்தாள், சாம்பல் கையோடு எழுந்து நின்று, "நம்ம ராகினிதானே பேசுது!" என்று பக்கத்திலிருந்தவளை உலுக்கினாள். மேளம் அடங்கியபோது ராகினியின் குரலும் தானாகவே இறங்கியது.

தங்கராஜு மட்டும், "இப்ப மிஷினு மரியாத கத்துக்கிச்சு" என்றார்.

தம்புசாமி மைக்கைக் கேட்கவேயில்லை. அடுத்த ஆண்டு பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்கும் அந்த டின் போனது. "எங்க தோட்டத்துப் பிள்ள செஞ்சது, பத்திரம்" என்று சொல்லி அவரே தூக்கிக் கொடுத்தார்.

ஆனால் டின் வந்த அந்த முதல் திருவிழாவின் மத்தியானத்தைத்தான் ராகினி அடிக்கடி நினைத்துக்கொள்வாள். அரிசி கொடுத்தவர், எண்ணெய் கொடுத்தவர் என்று உபயக்காரர்கள் பெயரை மைக்கில் வாசிப்பது அந்தக் கோயில் வழக்கம். அவள் வாசிக்கத் தொடங்கும் முன், தனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்டிராத உஷாராணி அருகில் வந்து குனிந்தாள்.

"ஒரு பேரு சேத்துக்கிறியா?"

"உங்க பேராக்கா?"

"என் பேரு வேணாம். ராமாத்தாள்னு சொல்லு. நான் பொறக்குறதுக்கு முன்னாலேருந்து இங்க அண்டா கழுவுது. அது பேர மைக்குல ஒரு தடவகூடச் சொன்னதில்ல. நீ மெதுவாவே சொல்லு, ராகினி. கொட்டகை வரைக்கும் டின்னு கொண்டுபோய்ச் சேத்துடும்."