கிழிக்காமல் நட்ட கன்றுகள்

என் அக்காவின் கொய்யாக் கன்றுகள் பட்டுப்போனதற்கு நான்தான் காரணம். பழி அவள்மேல் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்!

காக்களூரில் மக்கும் பிளாஸ்டிக் பை செய்யும் சிறு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் நான். எங்கள் பைக்குச் சான்றிதழ் உண்டு. அதில் பொய் ஏதும் இல்லை. பொய் என் வாயில்தான் இருந்தது.

மக்கும் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே வகை அல்ல. சில, வீட்டு எருக்குழியிலேயே மக்கும். சில, உரம் செய்யும் ஆலையின் கடும் சூட்டில் மட்டுமே மக்கும். எங்கள் பை இரண்டாவது வகை. சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது.

ஊத்துக்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் அக்காவுக்கு, கன்று வளர்க்க அந்தப் பைகளைக் கொடுத்தேன். நடும் நாளில் அக்காவின் கணவர், மாமா, கேட்டார்.

“இன்னாமா, பையோடவே நட்டுடலாமா?”

பக்கத்து நிலத்துக்காரர்களிடம் என் வேலையைப் பற்றி அப்போதுதான் பெருமையாகப் பேசி முடித்திருந்தார். கிழித்துவிட்டு நடுங்கள் என்றால் என்ன குறைந்திருக்கும்? என் கெத்து குறைந்திருக்கும்... அவ்வளவுதான்!

“அப்டியே நடுங்க மாமா, மண்ணுல மக்கிடும்” என்றேன்.

கோடையில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. மாமா ஒரு கன்றைப் பிடுங்கினார். பை அப்படியே இருந்தது. உள்ளே வேர்கள், வெளியே வர வழியில்லாமல் சுருண்டு கிடந்தன.

பை ஏன் மக்கவில்லை என்று கேட்டார்.

“தண்ணி பத்தல மாமா.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். தண்ணீர் ஊற்றும் வேலை அக்காவுடையது. மோட்டார் பழுதான நாட்களில் குடத்தில் சுமந்து ஊற்றியவள் அவள்! மாமா எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். ஊற்றினேன் என்று ஒரு முறை சொன்னாள். பிறகு அவளும் என் பேச்சையே நம்பிவிட்டாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

போன வாரம் வந்திருந்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாந்தான் ஒழுங்கா தண்ணி ஊத்தல. உன் பைக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மனசுல வெச்சிக்காதடி.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? வாய் திறந்தேன்...

“பரவால்ல விடுக்கா” என்றேன், அவளை மன்னிப்பவளைப் போல. நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.