ரோஸ்லின் ஆன்ட்டியின் அரளி வேலி

எங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ரோஸ்லின் ஆன்ட்டியைப் பார்த்தால் தெருநாய்கூட வாலை ஆட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும். ஒர்க்‌ஷாப்பில் லேத் மிஷினில் இரும்பு கடைகிறவர். அந்த இரைச்சலில் பேசிப் பேசிக் குரல் உரத்துப்போய், அவர் வீட்டுக்குள் உப்பு எங்கே என்று கேட்டால் எதிர்வீட்டில் எடுத்து நீட்டுவார்கள். அவருடைய அப்பா சர்வீஸில் இருக்கும்போதே இறந்ததால் கிடைத்த வேலை. ஆபீஸில் ஃபைல் அடுக்கச் சொன்னார்களாம். "ஃபைல் நக்கோ, வேண்டாம், மிஷின் கொடுங்க" என்று நின்று வாங்கினாராம். எங்கள் அம்மா இதைச் சொல்லும்போது, என்னவோ தானே போய் வாங்கி வந்த மாதிரி நிமிர்ந்து உட்காருவாள்.

மே மாசம் காலையில், ஷிஃப்டுக்குப் போகும் முன்னால், டீ டம்ளரோடு தன் தோட்டத்தில் அசையாமல் நிற்பார். மாங்காய் அடிக்க வரும் என்னைப் பிடிக்கத்தான் நிற்கிறார் என்று நினைத்து, ஒரு வருஷம் முழுக்க நான் வேறு வீட்டு மாங்காயிலேயே காலம் தள்ளினேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் பார்ப்பது பட்டாம்பூச்சியை.

ஒவ்வொன்றுக்கும் அவரே பேர் வைத்திருந்தார். பூவுக்குப் பூ நின்று நின்று தரையோடு போகும் சின்ன மஞ்சள், பாசஞ்சர். எங்கேயும் நிற்காமல் மதில் தாண்டிப் பறக்கும் வெளிர்பச்சை, எக்ஸ்பிரஸ். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூவாக நிதானமாகச் சோதிக்கும் ஒன்று உண்டு. அது டி.டி.

"கறுப்புக் கோட்டு பாரு. டிக்கெட் இல்லாத பூவை இறக்கிவிட்டுடும்" என்பார்.

அந்த டி.டி. பிறப்பது அரளியில். ஆன்ட்டியின் வேலி முழுக்க அரளிதான். புழு இலையைத் தின்று கொழுத்து, இலைக்கு அடியில் கூடாகத் தொங்கும். கூடு என்றால் ஏதோ காய்ந்த சருகு என்று நினைக்காதீர்கள். கண்ணாடி மாதிரி மின்னும். குனிந்து பார்த்தால் நம் மூக்கு அதில் தெரியும், அதுவும் கோணலாக.

"இந்த ஃபினிஷிங் எங்க மிஷின்ல வராதுடா. நானும் எத்தனையோ பீஸ் போட்டுப் பாத்துட்டேன்" என்றார் ஒருநாள். வேறு யாரையும் எதையும் அவர் இப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

ஆனால் கூடு உடைந்து பூச்சி வெளியே வருவதை அவர் பார்த்ததே இல்லை. அது வெயில் ஏறினபிறகு வரும். அப்போது அவர் மிஷின் முன்னால் நிற்பார். இந்த மே மாசம் வேலியில் கூடுகள் நிறையத் தொங்கின. எப்படியாவது பார்த்துவிடுவது என்று லீவு எழுதிக் கொடுத்தார்.

அப்போதுதான் பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார் என்று தகவல் வந்தது. லீவு கேன்சல். அதைவிட மோசம், குவார்ட்டர்ஸ் வேலிகளை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்ட ஆள் வந்தது. ரயில்வேயில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் இதுதான் முறை. வளர்ந்ததை வெட்டு, அசையாததுக்குச் சுண்ணாம்பு அடி.

ஆன்ட்டி கான்ட்ராக்ட் மேஸ்திரி சாரங்கபாணியிடம் போனார்.

"மேஸ்திரி, என் வேலியை மட்டும் இப்ப விட்டுடுங்க."

"ஏம்மா, பாம்பு கீது இருக்கா?"

"பட்டாம்பூச்சி கூடு இருக்கு."

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் அவர் தலைத்துண்டு அவிழ்ந்தது. "பூச்சிக்கு எல்லாம் குவார்ட்டர்ஸ் அலாட் பண்ணிட்டாங்களா? போம்மா, காலைல வெட்டிடுவோம்."

ஆன்ட்டி கத்தாமல் திரும்பி நடந்தார். அவர் கத்தினால் பயமில்லை, கத்தாவிட்டால்தான்.

சாயங்காலம் பார்த்தால், வாளியில் சுண்ணாம்பு கரைத்து வைத்துக்கொண்டு, வேலிக்குக் கீழே பதித்திருந்த செங்கல்லுக்கெல்லாம் தானே வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆன்ட்டி, நீங்களே அடிக்கிறீங்க? கை வெந்துடாதா?"

"மூடிட்டுப் போடா."

மேஸ்திரியின் ஆட்கள் முதலில் வெட்டுவார்கள், குப்பையை வாருவார்கள், கடைசியில்தான் செங்கல்லுக்குச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஏறிவிட்டால் அந்த இடம் முடிந்தது, திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. சைக்கிளில் காற்றைப் பிடுங்குவது, காலிங்பெல்லில் டேப் ஒட்டுவது என்று இத்தனை வருஷமாகக் குறும்பு செய்கிறேன். இந்த அளவு மூளை எனக்கு ஓடினதில்லை.

காலையில் ஆன்ட்டி ஷிஃப்டுக்குப் போய்விட்டார். கத்தரிக்கோலோடு வந்தவர்களில் ஒருவன் செங்கல்லைப் பார்த்தான். "இது ஆயிடுச்சுப்பா" என்றான். தலைக்கு மேலே வேலி காடு மாதிரி நின்றது. ஒருத்தனும் நிமிரவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதிகாரியின் ஜீப் மெயின்ரோட்டோடு திரும்பிப் போனது. எங்கள் லைனுக்குள் வரவே இல்லை. மற்ற வேலிகள் எல்லாம் திருப்பதிக்குப் போய் வந்த மாதிரி மொட்டையாக நின்றன.

ஆன்ட்டி சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தபோது, மேஸ்திரி கையில் கத்தரிக்கோலோடு வேலி முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். "யாரு இங்க சுண்ணாம்பு அடிச்சது? என் ஆளுங்களை ஏமாத்தினது யாரு?"

ஆன்ட்டி காதில் வாங்கவே இல்லை. இலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எல்லாம் வெறும் தோல். பகலிலேயே வெளியே வந்து பறந்துவிட்டிருந்தன. அவர் முகம் விழுந்துபோனது. பிறகு ஒரு கிளைக்கு அடியில் குனிந்தவர் அப்படியே நின்றார். ஒரு கூடு மட்டும் இன்னும் உடையாமல், மினுக்கம் போய்க் கறுத்திருந்தது.

"லேட் ரன்னிங்" என்றார், மெதுவாக. அந்தத் தொண்டையில் அவ்வளவு சின்னக் குரலும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏம்மா, நான் கேக்கறது…" என்று ஆரம்பித்த மேஸ்திரியை, திரும்பாமலே ஒரு விரல் தூக்கி நிறுத்தினார். பூட்ஸ் காலோடு மண்ணில் உட்கார்ந்தார்.

கூடு பிளந்தது. முதலில் கால்கள், அப்புறம் ஈரத்தில் கசங்கின துணி மாதிரி ஏதோ ஒன்று. காலி கூட்டையே பிடித்துக்கொண்டு அது தொங்கியது. செத்துவிட்டதோ என்று நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கை இறங்கி விரிந்தது. கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். ஆன்ட்டியின் கை, பிடிக்கப் போகிற மாதிரி கீழே விரிந்தே இருந்தது. நான் கேலி பண்ண ஒன்று தயாராக வைத்திருந்தேன். அதை மறந்துபோய் நானும் குனிந்து பார்த்தேன்.

அது பறந்து போனபிறகுதான் பார்த்தேன், மேஸ்திரியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கனைத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி இன்னும் இருக்கா இதுல?"

ஒன்றுகூட இல்லை. எல்லாம் காலி.

"ஹவ், இருக்கு, நிறைய இருக்கு" என்றார் ரோஸ்லின் ஆன்ட்டி, கண் இமைக்காமல்.

மேஸ்திரி வேலியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலைத் தன் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார்.